லேபிள் ஒட்டாமல் போகும் பாட்டில்

என் பிரியமான பாக்கியம் அக்காவுக்கு,

எஸ்தர்தான் எழுதுகிறேன். இங்கே விடாத மழை. நீ போன பிறகு வருகிற மூன்றாவது மழைக்காலம் இது. அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வீட்டில் ஈரம் ஏறாத இடம் இது ஒன்றுதான் என்று உனக்குத் தெரியாதா என்ன?

ஒரு முடிவெடுத்திருக்கிறேன் அக்கா. ஊரார் வாயில் விழுவதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிட வேண்டும். இந்த ஜாம் தொழிலில் பாதி உன்னுடையது. நீ இல்லை என்பதற்காக அந்தப் பாதியும் என்னுடையது ஆகிவிடாது.

பஜாரில் பெரிய கடை வைத்திருக்கிற அண்ணாச்சியை நினைவிருக்கிறதா? முதல் வருஷம் இரண்டு பாட்டிலை முந்தானையில் மறைத்துக்கொண்டு அவர் கடைக்குத்தானே போய் நின்றோம்? "வீட்ல கிண்டுனதையெல்லாம் கடையில வைக்க முடியாதும்மா" என்று, மூடியைக்கூடத் திறந்து பார்க்காமல் அனுப்பினார். படி இறங்கும்போது நீ அவரை என்ன சொல்லித் திட்டினாய் என்பதை இங்கே எழுத முடியாது. அந்த மனிதர் போன வியாழக்கிழமை குடையைப் பிடித்துக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கே வந்தார்.

நாம் போடுகிற ஜாம் மொத்தத்தையும் அவரே எடுத்துக்கொள்வாராம். சீசன் முடிந்து ஊர் காலியாகிக் கிடக்கிற மாதங்களுக்கும் சேர்த்து மாதாமாதம் பணம் தருவாராம். ஆனால் பாட்டிலில் 'பாக்கியம் எஸ்தர்' என்று இருக்காது, அவர் கடைப் பெயர்தான் இருக்கும். ஊருக்குள் வேறு யாருக்கும் நான் ஒரு பாட்டில்கூடக் கொடுக்கக் கூடாது. இவ்வளவுதான் பேச்சு.

என் வீட்டுக்காரருக்கு, நீ வாய் நிறையத் தம்பி தம்பி என்பாயே, அவருக்கு இதில் ரொம்ப ஆசை. அவரையும் குறை சொல்ல முடியாது. ஹோட்டலில் டூரிஸ்ட் இல்லாத மாதங்களில் பாதிச் சம்பளம்தான். "பேசாம குடுத்துருவோம் எஸ்தரு. பேருல என்ன கெடக்கு? மழைக்காலத்துல நிம்மதியா கஞ்சி குடிக்கலாம்ல" என்று அங்கேயே என் காதோடு சொன்னார். உன் முகம்தான் எனக்கு முன்னால் வந்து நின்றது.

நாம் இதைத் தொடங்கியதே ஒரு கோபத்தில்தானே அக்கா? என் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற பிளம்ஸ் மரம் அந்த வருஷம் கிளை ஒடியக் காய்த்தது. மலைக்குக் கீழேயிருந்து வந்த வியாபாரி, புளிப்புப் பழம், கூடைக்கூலிக்குக்கூடத் தேறாது என்று விட்டுவிட்டுப் போனான். பழம் உதிர்ந்து அழுகத் தொடங்கியது. சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, கேரட் காட்டில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவள் நீ. பக்கத்துக் குடிசையிலிருந்து ஒரு நாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாய்.

"இவ்வளவு பழத்தையும் மண்ணு திங்க விடுறதா? நீ வேலைக்குப் போன இஸ்கூல் அடுப்படியில ஜாம் கிண்டுறதப் பாத்திருக்கதானே? கிண்டு புள்ள. பாணுக்குத் தொட்டுக்க நல்லாருக்கும்தானே?"

உனக்கு ரொட்டி கடைசி வரைக்கும் பாண்தான். இந்தக் குளிருக்கு வேண்டும் என்று இஞ்சிச் சாற்றை ஊற்றியதும் நீதான். நான் கத்தினேன். ஜாமில் இஞ்சியை யார் போடுவார்கள் என்று சண்டை பிடித்தேன். அடி பிடிக்காமல் அரை நாள் நின்று கிண்டுகிற கை உன்னுடையது, அதனால் உன் பேச்சுதான் நடந்தது. நடந்ததும் நல்லதுதான்.

கிண்டுவது கைக்கு வந்துவிட்டது. விற்பதற்குத்தான் வழி தெரியவில்லை. சினிமாக் கொட்டகையில் இடைவேளைக்கு சிலைடு போட்டால் ஊருக்கே தெரியும் என்றாய். அங்கே கேட்ட தொகைக்கு நாம் ஒரு மூட்டை சீனி வாங்கிவிடலாம். அப்போதுதான் எனக்கு அறுப்பின் பண்டிகை ஞாபகம் வந்தது. எங்கள் சபையில் அன்றைக்கு அவரவர் வீட்டில் விளைந்ததையும் செய்ததையும் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். பூசணிக்காயும் கோழியும் கேக்கும் ஏலத்துக்கு வரும்போது, கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்வார்கள். சபை மொத்தமும் கேட்கும். இதைவிடச் செலவில்லாத விளம்பரம் இந்த மலையில் ஏது என்று துள்ளிக் குதித்தோமே.

ஏலம் என்னவோ அமோகமாகப் போனது. ஆளாளுக்கு ஏற்றிவிட்டு, கடைசியில் ரிட்டயர்டு ஆசிரியர் சாலமன் சார் எடுத்தார். சபையே கை தட்டியது. நாளைக்கே வாசலில் ஆள் வந்து நிற்கும் என்று நாம் காத்திருந்தோம். ஒருத்தரும் வரவில்லை. அப்புறம் ஒரு ஜெபக்கூட்டத்துக்கு அவர் வீட்டுக்குப் போனபோதுதான் விஷயம் விளங்கியது. நம் பாட்டில் ஷோகேஸில், பிளாஸ்டிக் பூவுக்கும் கல்யாணப் போட்டோவுக்கும் நடுவில் இருக்கிறது, போட்ட மெழுகு முத்திரைகூட உடையாமல்!

"சார், சாப்பிட்டுப் பாக்கலையா?" என்றேன்.

"ஆலயத்துல எடுத்ததும்மா. அதப் போயி பிரிச்சுத் திங்கச் சொல்றியே" என்றார் அவர்.

இது போதாதென்று அடுத்த வருஷம் அதே பாட்டிலை அவர் திரும்பவும் காணிக்கையாகக் கொண்டுவந்தார். அது திரும்பவும் ஏலத்தில் போனது, இன்னொரு வீட்டு ஷோகேஸுக்கு. மாரியம்மனைக் கும்பிடுகிறவள் நீ, எனக்காக எங்கள் சபைக் கோயிலுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நீ சிரித்த சிரிப்பில் பிரசங்கம் செய்கிற ஐயர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

"நம்ம ஜாம் பைபிளுக்குப் பக்கத்துல குந்திருச்சு புள்ள. இனி எறங்கி வராது" என்றாய் வெளியே வந்து. நானும் சிரித்தேன். ஊரில் பாதிப் பேருக்கு நம் பெயர் தெரிந்துவிட்டது. ருசிதான் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அது தெரிந்த நாளைப் பற்றி உனக்கு நான் இதுவரை சொன்னதில்லை. எப்படிச் சொல்வது?

நீ போன அந்த மழையில் உனக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைத் தூக்கித்தான் கொண்டுவந்தோம். அடக்கத்துக்கு உன் சனங்கள் எங்கெங்கிருந்தோ வந்தார்கள். திரும்பிப் போக முடியாமல் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. உன் மகள் ராசாத்தி வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அக்கம்பக்கத்தார் டீயும் பேக்கரி ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார்கள். வெறும் ரொட்டி, ஆறிப் போய், குளிரில் விறைத்துப் போய். பிள்ளைகள் கையில் வைத்துக்கொண்டு அழுதன. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து, சீசனுக்கென்று வைத்திருந்த பாட்டில்களை அள்ளிக்கொண்டு போனேன்.

உன் சனத்தில் ஒரு பெரியவர் முகம் சுளித்தார். "என்னா இது, துக்க வீட்டுல இனிப்பா?"

ராசாத்திதான் பதில் சொன்னாள். "எங்கம்மா கடசியா கிண்டுனது தாத்தா. தின்னுங்க."

அவர் ஒரு வாய் வைத்தார். "இனிப்பு இல்ல இது. மருந்து மாதிரித்தான் இருக்கு" என்று இன்னொரு துண்டைக் கேட்டு வாங்கினார். உன் சனம், என் சபைக்காரர்கள், ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் அந்தத் தாழ்வாரத்தில் நெருக்கி உட்கார்ந்து நம் ஜாமைச் சாப்பிட்டார்கள். எத்தனை வருஷம் நாம் ஏங்கின காட்சி அது! நீ பார்க்கவில்லையே என்று அங்கேயே கதறிவிட்டேன்.

பத்துப் பதினைந்து நாளில் ஆட்கள் கேட்டு வரத் தொடங்கினார்கள். சாலமன் சாரே வந்து வாங்கிப் போனார், சாப்பிடுவதற்கு! ஆனால் தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி என் முகத்துக்கு நேராகவே சொன்னாள், "செத்தவள வச்சு யாவாரத்தைத் தொடங்கிட்டா பாரு." அன்றைக்கு வந்து அடுப்பை அணைத்துப் போட்டவள்தான் நான். ஒரு மாதத்துக்கு மேல் கரண்டியைத் தொடவில்லை. அப்படியா செய்தேன் அக்கா? உனக்கும் அப்படித் தோன்றியதா?

ராசாத்திதான் வந்து அடுப்பை மூட்டினாள். உன்னைப் போலவே இடுப்பில் கை வைத்து நின்றாள். "அவ சொன்னான்னு நீங்க ஏன் சித்தி படுத்துக்கிறீங்க? நாளைக்கு அவ வீட்டுல ஒண்ணு நடந்தாலும் நாமதான் கொண்டுபோய்க் குடுக்கணும்" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். எந்தச் சாதி, எந்த மதம் என்றாலும் சரி, ஒரு வீட்டில் துக்கம் என்றால் ரொட்டியோடு நம் பாட்டிலும் போகும். காசு வாங்குவதில்லை. லேபிளைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து உரித்துவிட்டுத்தான் அனுப்புவோம். யாரும் என்னை விளம்பரத்துக்குச் செய்கிறாள் என்று சொல்லிவிடக் கூடாது பார்.

விளம்பரத்தை வேறு இடங்களில் கூச்சமில்லாமல் செய்கிறேன், கவலைப்படாதே. பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்குப் பரிசு கேட்டு வந்தார்கள். பரிசு தர மாட்டேன், ஓடுகிற பிள்ளைகள் எல்லாருக்கும் ஜாம் தடவிய பன் தருகிறேன், தடவிக் கொடுக்க நாலு அம்மாக்களை மட்டும் அனுப்புங்கள் என்றேன். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அடம்பிடித்தார்கள். மாரியம்மன் திருவிழாவில் உன் பெயரில் ஒரு தட்டு ஜாம் பன் வைத்தோம். இனி எந்த நல்ல காரியத்துக்கும் மூடிய பாட்டிலைக் கொடுப்பதில்லை. திறந்துதான் வைக்கிறேன்.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். உன் தம்பி, அதுதான் என் வீட்டுக்காரர், கதவோரம் நின்றார்.

"ஒரு போர்டு கெடையாது, ஒரு நோட்டீஸ் கெடையாது. வார டூரிஸ்ட்டெல்லாம் எங்கடையில வந்து எஸ்தரக்கா ஜாம் இருக்கான்னு கேக்காங்க. எப்பிடிம்மா இது?" என்றார் அண்ணாச்சி.

நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டு சகுந்தலா மழையில் ஓடிவந்தாள். "எஸ்தரக்கா, மரவேல காதர் பாயோட அம்மா மவுத்தாயிட்டாகளாம். ரொட்டி வாங்கியாச்சு. வெரசா ஒரு பாட்டில் குடுங்க."

துக்க வீட்டுக்கு ஒரு பாட்டிலை எடுத்துச் சுடுதண்ணீரில் வைத்தேன். அண்ணாச்சி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதெல்லாம் இனிமே நிறுத்திரணும்மா. ஓசிக்கு ஒண்ணு ரெண்டுன்னு போனா யாவாரம் என்னத்துக்காகும்? எல்லாப் பாட்டிலும் எங்கிட்டதான் வரணும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் மெதுவாகத்தான் கேட்டேன். "அண்ணாச்சி, போன வருஷம் உங்க அய்யா தவறுனப்ப உங்க வீட்ல அடுப்பு மூட்டல. ரொட்டிக்குத் தொட்டுக்க ஒண்ணு வந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

அவர் கண் என் கையில் உரிந்துகொண்டிருந்த லேபிளுக்குப் போனது. "அது பக்கத்து வீட்டு டீச்சர் கொண்டாந்ததுல்ல?"

"டீச்சர்தான் கொண்டாந்தாங்க. இங்கேருந்து."

அண்ணாச்சி டீ கிளாஸைக் கீழே வைத்தார். முழங்காலைத் தடவிக்கொண்டார். "சரிம்மா. யோசிச்சுச் சொல்லு" என்றார்.

"யோசிச்சுட்டேன் அண்ணாச்சி. உங்க கடையில வைக்கணும்னா எங்க பேரோட வைங்க, சந்தோஷமாத் தாரேன். மொத்தமாத் தர மாட்டேன்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இனி வருவாரோ மாட்டாரோ, தெரியாது.

எனக்குப் பயமெல்லாம் உன் தம்பியை நினைத்துத்தான். இந்த மழைக்காலத்துக் கஞ்சியை அவர் கண் முன்னாலேயே தட்டிவிட்டேன் அல்லவா? திட்டுவார் என்று பாட்டிலைத் துடைத்துக்கொண்டே நின்றேன். அவர் கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு வந்து, பாட்டிலை என் கையிலிருந்து வாங்கினார்.

"மழையில நீ எறங்காத. நான் குடுத்துட்டு வாரேன்."

வாசல் வரைக்கும் போனவர் நின்றார். திரும்பாமலே சொன்னார், "பாய் குடும்பம் பெருசு எஸ்தரு. ஒண்ணு காணாது. இன்னொண்ணுக்கும் லேபிளை உரி."

உரித்தேன் அக்கா. கண்ணீரில் லேபிள் எது விரல் எது என்றே தெரியவில்லை.

இந்த மழைக்காலம் இழுத்துப் பிடித்துத்தான் ஓடும். ஓடட்டும், பார்த்துக்கொள்கிறோம். உன் பெயரை யாருக்கும் விற்க மாட்டேன். இந்த ஊரில் எந்த வீட்டில் அடுப்பு அணைந்தாலும் அங்கே நம் அடுப்பிலிருந்து ஒன்று போகும். நான் இருக்கும் வரைக்கும் நானும், எனக்குப் பிறகு ராசாத்தியும் கொண்டுபோவோம். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
எஸ்தர்