பிக்கப் இல்லாத வண்டி

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கும் வண்டி கழுத்தறுத்தது. மங்கலம் ரோட்டிலிருந்து பைபாஸ் ஏறுகிறேன், ஆக்சிலேட்டரை மிதித்தால் நகரவே இல்லை. டிக்கி நிறைய டெலிவரி பனியன் கட்டு, பின்சீட்டில் பரணி, பக்கத்தில் இவர். வலப்பக்கம் டிப்பர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது. இன்னும் அழுத்தி மிதித்தேன். வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத் திடீரென்று எகிறியது. லாரிக்காரன் எங்களை ஒட்டி உரசாத குறையாகப் போனான்.

ஓரம் கட்டினேன். இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கன்னத்தில் ஒன்று விட்டார். டீக்கடையில் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"உன்ற காலுக்கு என்ன கேடு? அமுத்தத் தெம்பில்லீன்னா எதுக்குடி வண்டியெடுக்கற?"

என் கால்தான் குற்றவாளி. வண்டிக்கு ஒன்றுமில்லையாம். பரணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எட்டு வயதுக்குள் சத்தமில்லாமல் அழப் பழகிவிட்டாள் என் மகள்.

ஜூன் 5, வியாழன்

மெக்கானிக் பாண்டித்துரையிடம் விட்டேன். விருதுநகர்ப் பக்கத்து ஆள். பெட்ரோல்தான் கோளாறு என்றார், அப்புறம் பிளக் என்றார், கடைசியில் திராட்டிலைக் கழற்றிக் கழுவிப் போட்டார். பட்டறையிலிருந்து எடுக்கும்போது பரவாயில்லை போலத்தான் இருந்தது.

ஜூன் 9, திங்கள்

பரவாயில்லையாவது மண்ணாவது. மேட்டில் ஏறமாட்டேன் என்கிறது. மிதித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், அதற்கு மனசு வந்தால் போகும்.

மெக்கானிக் என்னை ஏமாற்றுகிறானாம், நான் இவரை ஏமாற்றுகிறேனாம். முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினார். கைக்குக் கிடைத்த சொம்பை வீசினேன். புருவத்தில் பட்டு ரத்தம் வந்தது. பார்க்க நன்றாக இருந்தது. ஆமாம், நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

இடது காது இன்னும் இரைகிறது.

ஜூன் 12, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்!

காலையில் பாண்டித்துரை போனில் சொன்னார்: "யக்கா, காத்து போற வழிய நான் பாக்காம விட்டுட்டேன். ஏர் பில்டர ஒருக்கா கழட்டிட்டு மிதிச்சுப் பாருங்க." நானே பானட்டைத் தூக்கினேன். நாலு கிளிப். மூடியை எடுத்தால், பில்டர் பனியன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது!

வெள்ளைப் பனியன் துணியில் உறை. ஓரமெல்லாம் ஓவர்லாக் அடித்து, எலாஸ்டிக் வைத்து, ஊதா நூலில். பங்குனி ஆர்டரில் மிஞ்சிய எங்கள் நூல். பக்கத்து நிட்டிங் ஷெட்டிலிருந்து பறக்கிற பஞ்சுக்குப் பயந்து எங்கள் பவர் டேபிள் தையல் ஷெட்டில் எல்லாவற்றுக்கும் பனியன் உறைதான். சுவிட்ச் பெட்டிக்கு, தராசுக்கு, மிக்ஸிக்குக்கூட. பில்டர் அடிக்கடி அடைக்கிறது என்று அப்போது இவர் புலம்பிக்கொண்டிருந்தார். அதற்கும் ஒரு சட்டை தைத்து மாட்டிவிட்டார் மகாராசன். அதன்மேல் பஞ்சு படிந்து படிந்து மெத்தையாகிவிட்டது. இஞ்சினுக்கு மூச்சு எங்கே இருக்கும்?

உருவிவிட்டு மிதித்தேன். மிதித்ததுமே பாய்ந்தது. என் கால் நன்றாக இருக்கிறது, என் காலுக்கு ஒன்றுமே இல்லை என்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அழுதேனோ என்னவோ.

சாயந்திரம் உறையைக் கையில் எடுத்துக்கொண்டு காட்டத்தான் போனேன். வாய் திறக்கவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டார். மெக்கானிக்கோடு எனக்கு என்ன போன் பேச்சு என்று பெல்ட்டை உருவினார். செக்கிங் டேபிள்மேல் குப்புறத் தள்ளி, தைக்கிற பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் அடித்தார். ஒருத்திகூட மெஷினை நிறுத்தவில்லை. கீழே விழுந்த உறையை அவர் கவனிக்கவும் இல்லை.

"நாளைக்கு சாயப்பட்டறைக்கு நானே வண்டிய எடுக்கறன். கோளாறு வண்டிலயா உன்ற கால்லயான்னு பாத்துப்போடலாம்."

பார்க்கட்டும். பொழுது சாயும்போது போய் உறையை மறுபடியும் மாட்டினேன். நாலு கிளிப்பும் போட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

எழுத முடியவில்லை. எழுதாமலும் முடியவில்லை.

காலையில் கார் கிளம்பிய சத்தம் கேட்டது. கட்டிங் டேபிளில் இருந்தேன், தலை நிமிரவில்லை. போகட்டும், போய்த் தொலையட்டும். தைக்கிற மருதம்மாள் உள்ளே வந்து சொன்னாள்: "ஸ்கூல் வேன் வல்லீங்க. பாப்பாவும் அவங்கப்பா கூடத்தான் போச்சுங்க."

ஐயோ. என் பிள்ளை.

ஸ்கூட்டரை எப்படி எடுத்தேன், எப்படிப் போனேன் — தெரியாது. தூரத்திலேயே பார்த்துவிட்டேன். பைபாஸில் பாதி ஏறி வண்டி நின்று முக்குகிறது. பஸ் பிரேக் அடித்துக் கிறீச்சிட்டு வருகிறது. அப்புறம் எகிறியது. எகிறி எதிர்ப்பக்கம் போய்க் கம்பத்தில் மோதியது.

பரணிக்கு உதடு கிழிந்து பாவாடையெல்லாம் ரத்தம். பல் ஒன்று போய்விட்டது. அவ்வளவுதான், உயிர் இருக்கிறது. இவர் வெளுத்துப்போய் நின்றார். "நான் நல்லாத்தான் மிதிச்சன்... நல்லாத்தான் மிதிச்சன்" என்றதையே சொன்னார்.

மடங்கிய பானட்டைக் கம்பியால் நெம்பினேன். உறையை உருவி அவர் முகத்தில் அடித்தேன். மீசையெல்லாம் பஞ்சு. துணியைத் திருப்பிப் பார்த்தார். ஊதா நூலைப் பார்த்தார். "இது நான் தெச்சதில்ல?" என்றார்.

"நீங்க தெச்சதுதான். நேத்து நான் கழட்டிப்போட்டன். நீங்க சாகோணும்னு நானே திரும்ப மாட்டுனன்."

கத்தித்தான் சொன்னேன். கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. ஓரடி பின்னால் போனார். கல்யாணமானதிலிருந்து இந்த மனிதர் பின்னால் போய் இன்றுதான் பார்க்கிறேன்.

பரணி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றிருந்தாள்.

ஜூன் 17, செவ்வாய்

அடி இல்லை. பேச்சும் இல்லை. பானட்டை நிமிர்த்திப் புது பில்டரும் மாட்டியாயிற்று. வண்டி காற்றாகப் போகிறது.

ஜூன் 29, ஞாயிறு

கறிக்குழம்பு வைத்தேன். இப்போதெல்லாம் இவர் என் தட்டைத்தான் பார்க்கிறார். நான் ஒரு வாய் விழுங்கின பிறகுதான் கை வைக்கிறார். இருக்கட்டும், பயந்து சாகட்டும் என்று உள்ளூரக் குளிர்ந்துகொண்டுதான் பரிமாறினேன்.

பரணிக்குப் பிடித்த ஈரலைப் பொறுக்கி அவள் தட்டில் வைத்தேன். உதடு ஆறிவிட்டது, இனி காரம் தாங்கும். அவள் சாப்பிடவில்லை. சூடு ஆறுகிறதே கண்ணு, சாப்பிடு என்றேன். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ மொதல்ல சாப்பிடும்மா" என்றாள்.