மூடி வைத்த பள்ளம்

மார்ச் 4, செவ்வாய்

கடல் தாண்டிக் கண்டம் கண்டவர்களெல்லாம் இன்று என் முன்னால் தூசு. நான் மண் பாதுகாப்புப் பிரிவு இருக்கும் அறையைக் கண்டுபிடித்துவிட்டேன்! வேளாண்மை அலுவலகத்தில் கேட்டால் "பின்கட்டடம்" என்றார்கள். பின்கட்டடத்தில் "மாடி" என்றார்கள். மாடியில் ஒரு மின்விசிறி மட்டும் கடமையில் இருந்தது. கடைசியில், மாடிப்படிக்குக் கீழே விதை மூட்டைகளுக்கு நடுவில் பிரிவு வீற்றிருந்தது.

எல்லாம் அக்கா மகளுக்காக. தையல் ஆலையில் மேற்பார்வை வேலையை விட்டுவிட்டு, அக்காவின் சரிவு நிலத்தில் இரண்டு வருடமாகப் பயிர் வைக்கிறாள். மழை வந்தால் மேல்மண் ஓடைக்குப் போய்விடுகிறது. விதைப்பது இவள், சாப்பிடுவது மீன். மே கடைசி வரைக்கும் வேலையை வைத்திருப்பதாக ஆலையில் சொல்லியிருக்கிறார்கள். மண் நின்றால் இருப்பாள், இல்லாவிட்டால் போய்விடுவாள். போனால் நான் யாரை வம்புக்கு இழுப்பது?

மார்ச் 6, வியாழன்

அக்கா மகள் பெயரில் விண்ணப்பம் கொடுத்தாயிற்று. சரிவை அளந்து வரப்பு போட்டுத் தருவார்களாம். ஓடைக்கரைக்கு மரக்கன்றும் உண்டாம். புதன்கிழமை அதிகாரி நிலம் பார்க்க வருகிறார்.

மார்ச் 10, திங்கள்

அக்கா மகள் விதை வாங்க வெளியூர் போயிருக்கிறாள். நிலத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். நடுவில் மேட்டிலிருந்து ஓடை வரை இடுப்பளவுப் பள்ளம், யானை உருண்டு போன மாதிரி! ஓர் அதிகாரி வரும் இடம் இப்படியா கிடப்பது? விருந்தாளி வந்தால் கூடத்தைப் பெருக்குவதில்லையா? எடுத்தேன் மண்வெட்டியை. நாளை மாலைக்குள் நிலம் கண்ணாடியாகிவிடும்.

மார்ச் 12, புதன்

அதிகாரி ஓர் அம்மா. ரப்பர் காலணியோடு மேலிருந்து கீழ்வரை நடந்தார்.

"மண் அரிப்பு எங்கங்க?"

"இருந்துச்சு மேடம். நீங்க வர்றீங்கன்னு மூடிட்டேன்," என்றேன் பெருமையாக.

"சேதம் தெரிஞ்சாத்தானே நான் எழுத முடியும்? வெள்ளிக்கிழமையோட பட்டியல் முடியுது."

காலையில்தான் திரும்பியிருந்த அக்கா மகள் என்னைப் பார்த்தாள். "வீட்டுல ஒரு நாற்காலிய நகர்த்தி வச்சிருக்கீங்களா மாமா? இதுக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு இவ்வளவு சுறுசுறுப்பு?"

என்னை நானே திட்டிக்கொண்டேன்: அடேய், என்னடா பண்ணி வச்சிருக்கே? அவ பொழப்பையில்ல சேர்த்து மூடிட்டே — தோண்டி எடுத்தா இப்ப தோண்டினதுன்னு சொல்வாங்களே —

மார்ச் 13, வியாழன்

துக்கத்தில் சோறு இறங்கவில்லை. இரண்டு தட்டோடு எழுந்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

அக்கா மகள் அதிகாரிக்குப் போன் போட்டாள். "மூடின மண் இன்னும் இறுகியிருக்காது மேடம். கடப்பாரை விட்டுப் பாத்தா தெரிஞ்சிடும். ஒரே ஒரு தடவை வாங்க."

வந்தார். அவளே கடப்பாரையை ஓங்கினாள். நல்ல தரையில் ஒரு சாண் இறங்கி நின்றது. என் கைவண்ணத்தில் பிடி வரை இறங்கியது. இறங்கிய இடத்திலெல்லாம் ஒரு குச்சி நட்டாள். மேட்டிலிருந்து ஓடை வரை, நான் புதைத்த பள்ளம் குச்சி குச்சியாக எழுந்து நின்றது! அதிகாரி நாடா பிடித்து அளந்தார்.

"நீங்க மூடினதும் ஒரு விதத்துல உதவிதான், பள்ளத்தோட அளவு துல்லியமாத் தெரியுது," என்று சிரித்துவிட்டு, குறிப்புகள் என்ற கட்டத்தில் எழுதினார். எட்டிப் பார்த்தேன்: 'பள்ளம் விண்ணப்பதாரரின் மாமாவால் மூடப்பட்டுள்ளது.'

எங்கள் பரம்பரையில் அரசாங்கக் கோப்பில் ஏறிய முதல் வீரன் நான்தான்.

ஏப்ரல் 21, திங்கள்

ஒப்புதல் வந்தது. வரப்பு போடும் வேலை ஆரம்பம். மண்வெட்டியை என் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

மே 30, வெள்ளி

நேற்று வானமே கிழிந்து கொட்டியது. காலையில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு வரப்புக்கும் மேலே தண்ணீர் தேங்கி நின்று, மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கூடை மண்கூடப் போகவில்லை. அக்கா மகள் மேல்வரப்பிலிருந்து விதைத்துக்கொண்டு வந்தாள்.

அவள் போன் என் சட்டைப் பையில் அடித்தது. ஆலையிலிருந்து. எப்போது வேலைக்கு வருகிறாள் என்று கேட்டார்கள். போனை அவள் பக்கம் நீட்டினேன்.

"கையெல்லாம் சேறு மாமா. ஈரம் போறதுக்குள்ள விதைக்கணும். அப்புறம் கூப்பிடுறேன்னு சொல்லிடுங்க."

சொல்லிவிட்டேன். சாயங்காலம் வரை அவள் கூப்பிடவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.