நாலுக்கு மேல் ஏற்காத பெட்டி

கிண்ணியா,
11.10.2024

அன்பு மகள் ஷிஃபானாவுக்கு,

வாப்பா ஸலாம் சொல்லி எழுதுவது. நீங்களும் மருமகனும் மெல்பேர்னில் சுகமாக இருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும். எனக்கும் உம்மாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையுமில்லை. தங்கச்சி நிப்லாவைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது, போனில் கதைத்தால் சின்ன வீடு, அவளுக்குக் கேட்கும், அதனால்தான் கடதாசி.

தங்கச்சியின் கொம்பியூட்டருக்கென்று நீங்கள் அனுப்பிய எட்டு ஜீபி மெமரி காட் இரண்டும் போன கிழமை திங்களன்று கைக்கு வந்தன. அன்றைக்கே கொம்பியூட்டரைப் பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் டவுனுக்குப் போனேன். திருத்துகிற றுவைஸ் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இது பழைய போர்ட், நானா, இந்தக் காட் இதில இறங்காது, அடியில உள்ள வெட்டு வேற இடத்தில இருக்கு என்றார். அப்போ பழைய காட் வாங்கி நிறையப் போடுங்களேன் என்றேன். காட் போடுகிற குழி இரண்டுதான், ஒன்றுக்கு இரண்டு ஜீபி, மொத்தம் நாலு, அதுக்கு மேல இந்தப் போர்ட் எடுக்காது, என்ன செய்தாலும் ஏலாது என்றார். கழித்த கொம்பியூட்டர் பெட்டிகளில் தேடி இரண்டாக இருந்ததை நாலாக்கித் தந்தார், பாவம், விண்டோஸையும் மாற்றிப் போட்டார். நிப்லாவின் கட்டடப் படம் கீறுகிற புரோகிராமுக்கு எட்டு ஜீபியாவது வேண்டுமாம். வேறு பெட்டி பார்த்துத் தருவதென்றால் சனிக்கிழமை ஆகும் என்றார்.

அவளுக்கோ தவணை வியாழக்கிழமை. கொழும்பில் ஒரு கட்டட அலுவலகம், வீட்டிலிருந்தே செய்கிற வேலை, மாடி வீட்டுப் படமொன்றைக் கீறி அனுப்பிக் காட்டச் சொல்லியிருந்தார்கள். விபத்துக்குப் பிறகு இந்த மூன்று வருடத்தில் அவளாக வேலை கேட்டு எழுதியது இது ஒன்றுதான். செவ்வாயும் புதனும் சக்கரக் கதிரையை விட்டு இறங்கவில்லை. கீழ்த்தளம் முடியும், மேல்தளத்தைத் திறந்தால் திரை வெள்ளையாகி நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து. சேவ் பண்ண முதலே நிண்டு போகுது வாப்பா என்று ஒருமுறை சொன்னாள், பிறகு அதையும் சொல்லவில்லை.

வியாழன் காலை நான் குசினிக்குப் பின்னால் போய் அந்த அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். இரண்டு நாள் பொறுங்கள் மிஸ், பிள்ளைக்கு நடக்க ஏலாது, வேறு வழியில்லை என்று கெஞ்சினேன். போனில் வந்த அலுவலகப் பிள்ளை மரியாதையாகத்தான் பேசினா, வேறு ஆள் எடுத்தாயிற்று என்றா. திரும்பினால் நிப்லா வாசலில். என்ட காலைப் பத்தி ஏன் வாப்பா சொன்னீங்க, அவங்களுக்கு அது தெரியாது, படத்தை மட்டும்தான் பார்த்திருப்பாங்க என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

போன வருடம் நீங்கள் புது லப்டொப் அனுப்பவா என்று கேட்டபோது, வேண்டாம், இருக்கிறது நல்ல பெட்டி என்று மறித்தது நான்தான். உள்ளே எவ்வளவு பிடிக்கும் என்று நான் அறிந்திருக்கவில்லை. இப்போது அனுப்ப நினைக்காதீர்கள் மகள். நேற்று அதைப் பற்றிக் கதை எடுத்தேன், இனி எங்கேயும் எழுதமாட்டேன் என்றாள். அளவுகோலையும் பென்சில்களையும் பக்கத்து வீட்டு ரிப்காவுக்குக் கொடுக்கச் சொல்லி உம்மாவிடம் நீட்டியிருக்கிறாள், உம்மா வாங்கி அலுமாரியில் ஒளித்து வைத்திருக்கிறா, கேட்டால் கொடுத்தாயிற்று என்கிறா. சோறு வைத்தால் சாப்பிடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், அவ்வளவுதான். நல்ல செய்தி ஏதும் சேர்த்து எழுதலாம் என்று ஒரு கிழமை பார்த்தேன், ஒன்றும் வரவில்லை.

நீங்கள் மனதை விடாமல் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். அல்லாஹ் உங்கள் இருவரையும் தன் காவலில் வைக்கட்டும். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம், தங்கச்சிக்குப் போன் எடுக்கும்போது வீடியோவில் எடுக்காதீர்கள், குரல் மட்டும் போதும். முகத்தைக் காட்டச் சொன்னால், பக்கத்தில் நிற்கிற எனக்காகச் சிரிக்கப் பார்க்கிறாள், அதைப் பார்க்க என்னால் ஏலாது.

இப்படிக்கு,
உங்கள் வாப்பா
ஸஹாப்தீன்