பாரிஸிலிருந்து பேர்ணுக்கு, ஆள் பார்க்க

ஞாயிறு, மே 4. மோர்னிங்சைட், கனடா

தூறல். சூட்கேஸ் நிறுத்தாச்சு, 22 கிலோ. மிளகாய்த்தூள், நீலச் சேலை, ஜீன்ஸ் ஒன்று. சிரிக்கிறவை சிரிக்கட்டும்.

ஐம்பத்தேழு வயதில் ஆள் பார்க்கப் போகிறேன். எழுதவே வெட்கம். என் மனுசன் செத்து ஒன்பது வருஷம். நான் பார்க்கப் போகிற கு.வுக்கும் (முழுப்பெயர் எழுதக் கை கூசுது) மனைவி இல்லை. பேர்ணில், முதியோர் இல்லமொன்றில் சமையல். ஏழு மாதமாக ஞாயிறுகளில் போனில் கதை. நல்ல குரல். குரலோடு குடும்பம் நடத்த ஏலாதே.

ஒன்று மட்டும் முடிவு. கனடாவை விட்டு வர மாட்டேன். அதற்குச் சம்மதம் இல்லையென்றால் சுவிஸ் பார்த்ததோடு சரி. போனில் சொல்ல வாய் வரவில்லை.

விமான நிலையத்தில் மகள் நிரோஜா: "அம்மா, ஜஸ்ட் மீட் ஹிம், ஓகே? பிடிக்கேல்லையெண்டால் கம் ஹோம்."

இரவு, விமானத்தில். பத்தொன்பது வருஷமாக மிசிசாகாவில் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறேன். இன்று ஒரு தட்டு என் மடியில். பன் காய்ந்துபோய். திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும்.

செவ்வாய், மே 6. ரயிலில்

நேற்று பாரிஸில், மச்சாள் வீட்டில். காலையில் வந்து ஏற்றிவிட்டாள். கையில் ரோல்ஸ் பொதி. "மூஞ்சையை மட்டும் பாராதை, சப்பாத்தையும் பார்."

ரயில் 10.20. ஜன்னல். மஞ்சள் வயல், முடிவே இல்லை. வெள்ளை மாடுகள். நாடு மாறியது தெரியவில்லை, போன்தான் சொன்னது. சீருடைக்காரர் இரண்டு பேர் பைகளைப் பார்த்துக்கொண்டு போனார்கள். கேள்வி இல்லை. முப்பது வருஷத்துக்கு முன் எங்கள் ஆட்கள் லொறிக்குள் ஒளிந்து கடந்த எல்லைகள். நான் ரோல்ஸ் தின்றுகொண்டு கடந்தேன்.

பாசலில் ரயில் மாற ஒன்பது நிமிஷம். ஓட்டம். பிடித்துவிட்டேன்.

பின்னேரம், பேர்ண்

ஸ்டேஷன் மேடையில் கு. நின்றார். நினைத்ததைவிடக் குள்ளம். காலில் சப்பாத்து பளபள. அவர் கை நீட்ட நான் கும்பிட்டேன், அவர் கும்பிட நான் கை நீட்டினேன்.

முதல் கதை: "பயணம் சுகமோ?" இரண்டாவது: "குறை நினையாதேங்கோ, இண்டைக்கு என்ர உடுப்புத் தோய்க்கிற முறை. விட்டால் இனி ரெண்டு கிழமையாலதான்."

பற்றிக்கொண்டு வந்தது. கடல் தாண்டி வந்தவளிடம் உடுப்புக் கதை!

பஸ் சொன்ன நிமிஷத்துக்கு வருது. தெருவில் சத்தமே இல்லை, என் சூட்கேஸ் சில்லுத்தான் ஊரைக் கூட்டியது. தூரத்தில் பனிமலை, ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தங்கல் அவரின் அக்கா வீட்டில். அவர் இருக்கும் அதே கட்டடம், இரண்டு மாடி மேலே. அக்கா வேலை முடிந்து இன்னும் வரவில்லை. தனியே இருந்து என்ன செய்ய? கு.வோடு நிலத்தடி அறைக்குப் போனேன். உடுப்புத் தோய்க்க இரண்டே மெஷின். சுவரில் கட்டடத்தில் எல்லாருடைய பெயரும் நாளும். ஒருவரின் நாளில் மற்றவர் தொட ஏலாதாம்.

ஆள் பார்க்க வந்தவள் ஆளின் காலுறை வரை பார்த்தாச்சு. ஓட்டை இல்லை.

பிறகு கட்டில் விரிப்பு, காய்ந்து சூடாக. அதை நாடிக்குக் கீழே கொடுத்து, நெஞ்சோடு அணைத்து மடிக்கத் தொடங்கினார். நானும் ஒன்பது வருஷமாக அப்படித்தான். மற்றத் தலைப்பைப் பிடிக்க ஆளில்லாதவர்கள் எல்லாரும் அப்படித்தான் போல.

போய் மற்றத் தலைப்பைப் பிடித்தேன். உதறினோம். கிட்ட வந்து மூலை கொடுத்தோம். விரல் பட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கோபம் போன இடம் தெரியாது.

புதன், மே 7

வெயில். அக்கா, தேத்தண்ணியோடு: "தம்பியைப் பிடிச்சிருக்கோ?" முகத்துக்கு நேரே! சிரித்து மழுப்பினேன். பிடித்திருக்கு. அதுதான் பிரச்சினை.

வாங்க: சொக்லேட், நிரோஜாவுக்கு. சொக்லேட், வேலைத்தலத்துக்கு. சொக்லேட், எனக்கு.

கனடா விஷயம் இன்னும் சொல்லவில்லை. பயம்.

வியாழன், மே 8

ஆற்றங்கரை. தண்ணீர் பச்சை. அவராகவே கேட்டார்.

"இஞ்ச வந்திருக்க உங்களுக்கு விருப்பமோ?"

"இல்லை. மகள் அங்க, வேலை அங்க. இனி ஒரு பாஷை படிக்க எனக்கு ஏலாது."

"ம்" என்றார். எழும்பிக் கோட்டைப் பூட்டினார். முடிந்தது என்று நினைத்தேன். நெஞ்சு இவ்வளவு கனக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

"தையோட எனக்குப் பென்ஷன், இஞ்சத்தை வேலை முடியுது" என்றார் பிறகு. கோட்டின் ஓரத்தை விரலால் பிடித்துப் பார்த்தார். "உங்கட கனடாக் குளிருக்கு இது காணுமோ?"

"காணாது" என்றேன். "தடிச்சது ஒண்டு வாங்குவம்."

கனடாவில் இப்போது விடிய ஐந்து மணி. நிரோஜா ஏசுவாள். ஏசட்டும், போன் எடுக்கிறேன்.