கடைசி முப்பது கிலோமீட்டர்

அன்புள்ள கண்ணு இலக்கியாவுக்கு அம்மா எழுதுவது. ஏற்காட்டில் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளை சத்யராஜும் உன் வயிற்றில் இருக்கும் சாமியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கச் நம் மலைத் தெய்வம் சேர்வராயன் துணையிருக்கட்டும். போனில் உன் குரலைக் கேட்டாலே சொல்ல வந்தது எனக்கு மறந்துபோகிறது, அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், பாதியில் விடாமல் படி.

தலைப்பிரசவத்துக்கு அடுத்த மாதம் வருகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து உன் அப்பா செல்லும் கையுமாக ஒரே கணக்குதான். மெல்போர்னிலிருந்து சென்னைக்கு வானத்தில் கிட்டத்தட்ட எட்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டராம், சிங்கப்பூரில் இறங்கி மாறி வந்தால் முக்கால் நாள் ஆகுமாம். "ஏரோப்பிளேன்ல கொண்டை ஊசி வளைவே கெடையாது, புள்ள நோகாம வந்துருவா, நீ எதுக்கு நொம்பப் பயப்படறே" என்கிறார். சேலத்துக்குப் பஸ் ஏறினாலே எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு போகிறவள் நான், ஆகாயத்தைப் பற்றி எனக்கென்ன தெரியும் என்று அவர் சொன்னதை நம்பி உள்ளறைக்கு வெள்ளையடித்துத் தொட்டில் கட்டக் கொக்கியும் மாட்டச் சொன்னேன்.

போன வாரம்தான் எல்லாம் தலைகீழானது. பக்கத்து வீட்டு அம்மணியக்கா மகள் மேனகா, உன்னோடு படித்தவள், அவள் புருஷன் வீடு சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே இருக்கிறது. "மொதப் பிரசவம் அம்மா ஊட்டுலதான்" என்று அக்கா அடம்பிடித்து அவளை மலைக்குக் கூட்டி வந்தாள். நாள் வருமுன்னே வலி வந்துவிட்டது, உடனே கீழே கொண்டு போங்கள் என்று டாக்டர் சொல்ல நானும் ஜீப்பில் ஏறினேன். மழையில் பாறை சரிந்து ரோட்டை அடைத்துக் கிடந்தது, திரும்ப மேலே ஏறி மலைக்கு மறுபக்கத்துக் குப்பனூர் ரோடு வழியாகச் சுற்றி இறங்கினோம், ஐயோ கண்ணு, வளைவுக்கு வளைவு அவள் என் கையைப் பிடித்துக் கத்தினாள், எனக்கு உன் முகம்தான் தெரிந்தது. "ஏனுங்க, நான்தானுங்க இவளக் கூட்டியாந்தேன்" என்று அக்கா டிரைவரிடம் சொன்னதையே சொல்லிக்கொண்டு வந்தாள். மேனகா பிழைத்துவிட்டாள். பிள்ளை இன்னும் கண்ணாடிப் பெட்டியில் கிடக்கிறது, என்ன ஆகும் என்று கேட்டால் சாமியை வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறார்கள்.

அப்பாவின் கணக்கு சென்னையோடு முடிந்துவிடுகிறது. சேலத்திலிருந்து இந்த முப்பது கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அந்தச் செல் எப்படிச் சொல்லும்? அதனால் நீ வர வேண்டாம் சாமி. பெற்றவள் பிரசவத்துக்குக் கூப்பிடவில்லை என்று நாலு பேர் பேசுவார்கள், பேசிவிட்டுப் போகட்டும், அவர்களா உன்னோடு ஜீப்பில் வரப்போகிறார்கள். நான் அங்கே வருகிறேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது, விசாவை மாப்பிள்ளை பார்க்கட்டும். காப்பிப் பழம் பறிக்கிற சமயம் என்பதால் அப்பா வர முடியாது, தனியாகத்தான் வரவேண்டும். கடலுக்கு மேலே அவ்வளவு நேரம் எப்படி உட்கார்ந்திருப்பது, சிங்கப்பூரில் எந்தப் பக்கம் நடப்பது, யாரிடம் தமிழில் கேட்பது, ஒன்றும் தெரியவில்லை. அந்த முக்கால் நாள் பயத்தை நான் பட்டுக்கொள்கிறேன், நீ படாதே.

வெறும் வயிற்றோடு இருக்காதே, படியில் பிடித்து இறங்கு. டிக்கெட்டை இன்றைக்கே ரத்து செய்து அதைப் படம் பிடித்து அனுப்பு, பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வரும். நீயும் பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

பயந்துகொண்டாவது வந்து சேரும்
உன் அம்மா
சசிகலா