குலுக்கிப் பார்த்த முட்டைகள்

அக்கா,

நேற்று மழைக்கோட்டை எடுக்க ஸ்கூட்டர் சீட்டைத் திறந்தேன். அடியில் உன் துப்பட்டா சுருண்டு கிடந்தது. உப்பில் விறைத்துப்போய், இன்னும் ஈரமணலும் கவிச்சியும் கலந்த வாடை. உதறினேன், வாசலெல்லாம் மணல். துவைக்கலாம் என்று வாளியில் தண்ணீர்கூடப் பிடித்துவிட்டேன். மனசு வரவில்லை, மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

சத்தியவேட்டுப் பக்கம் வயல்காட்டில் பிறந்து, ஸ்ரீசிட்டி கம்பெனியில் ஒரே லைனில் நின்று வேலை பார்த்த நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை தூப்பிலிப்பாளையம் கடற்கரையைப் பார்த்ததோடு பைத்தியம் பிடித்துக்கொண்டது. "திருப்பதி ஜில்லாவுல கடலு கீதுன்னா நம்ம ஊர்ல எவ நம்புவா?" என்பாய்.

விடிகிற நேரத்தில் நடப்போம். நண்டுகள் கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு வளைக்குள் ஓடும். போன வாரம் ஏறி உட்கார்ந்த மணல்மேடு இந்த வாரம் இருக்காது. அது இருந்த இடத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும், ஓரத்தில் உள்ளான் குருவிகள் மேய்ந்துகொண்டிருக்கும். வாய் ஓயாத நீ வாயடைத்து நின்றது அங்கே மட்டும்தான். "எங்க நைனா ஒரு அடி வரப்புக்கு முப்பது வருஷம் சண்ட போட்டாரு. இங்க பாருடி, ஒரு காணி நெலமே எழுந்து நடந்து போய்க்கினு கீது," என்றாய் ஒருநாள்.

அந்தப் பங்குனி ஞாயிறன்று கடல் கரையை அறுத்து, இடுப்புயரத்துக்குச் சுவர்போல் நிறுத்தியிருந்தது. சுவரில் வெள்ளை வெள்ளையாக ஏதோ தெரிந்தது. ஆமை முட்டைகள். இரண்டு மூன்று சரிந்து அலையில் உருண்டுகொண்டிருந்தன. அடுத்த அலை வருவதற்குள் நீ துப்பட்டாவை உருவிவிட்டாய்.

"இன்னாடி பார்த்துகினு நிக்கிற? ஏந்து!"

நூறுக்கு மேல் இருக்கும். மேட்டில் ஏறிக் குழி பறித்தோம். புதைக்கும் முன், உங்கள் வீட்டில் கோழிக்கு அடை வைக்கிறபோது பார்க்கிற மாதிரி, ஒவ்வொன்றையும் காதோரம் வைத்துக் குலுக்கினாய். "தண்ணி ஆடுச்சுன்னா கூமுட்டை. நல்லதோட சேர்ந்தா எல்லாத்தியும் கெடுத்துடும்." நீ சொன்னால் வேதம். நானும் குலுக்கினேன்.

பாதியில் வனத்துறை வாட்சர் ஓடிவந்தார். "அய்யோ, கோடி குட்டு காதம்மா இதி! திப்பகூடது!" என்று தலையில் அடித்துக்கொண்டார். கோழி முட்டை இல்லை, திருப்பவே கூடாதாம். இருந்த வாக்கிலேயே எடுத்து அதே வாக்கில் வைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் உள்ளே பிடித்திருக்கும் உயிர் விட்டுப்போகுமாம். மீதியை அவரே பதமாகப் புதைத்து, சுற்றி வலை கட்டி, என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில் நாயுடுபேட்டை டீக்கடையில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய். "அத்தினியும் நானே கொன்னுட்டேன்டி."

இரண்டு வாரத்தில் உனக்கு ஜுரம் வந்தது. திருப்பதியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஷிப்ட் முடிந்து நான் வரும்போதெல்லாம் ஒரே கேள்வி: "வாட்சரு போன் பண்ணாரா?" ஒன்பதாம் நாள் சாயங்காலமும் கேட்டாய். அதிகம் பேசவிடாதே என்று நர்ஸ் என்னைத் திட்டியிருந்தாள். எனக்கும் அலுப்பு. "செத்துதான் போயிருக்கும்கா. அதையே பேசிகினு கெடக்காத, தூங்கு," என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். மறுநாள் காலை நான் வந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

உன்னை எடுத்துப்போன எட்டாம் நாள் வாட்சரிடமிருந்து போன் வந்தது. "இசுக குங்கிந்தம்மா. ரேபு பொத்துன்னே ரண்டி." மணல் உள்வாங்கியிருக்கிறது, குஞ்சுகள் மேலே வரப்போகின்றன, நாளைக் காலையிலேயே வா என்றார்.

இருட்டோடு கிளம்பிப் போய்ச் சேர்ந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. வலைக்குள் மணல் உலைபோல் கொதித்தது. கறுப்பாக ஒரு மூக்கு. பக்கத்தில் இன்னொன்று. பிறகு மணலுக்கே உயிர் வந்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிளம்பின. உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு, அதில் துடுப்பு மாதிரிக் குட்டிக் கைகள். யாரும் வழி சொல்லவில்லை, எல்லாம் கடலைப் பார்த்துத் திரும்பின. முதல் அலை தூக்கிக் கவிழ்த்துப் போட்டது. புரண்டு எழுந்து மறுபடி அதை நோக்கியே போயின. கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன். நாற்பது வரை எண்ணினேன், அப்புறம் கண்ணீர் மறைத்தது.

மீதி முட்டைகள் பொரியவே இல்லை. நாம் குலுக்கியதில் போனவை எத்தனை என்று வாட்சருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு நாம் எடுக்காமல் விட்டிருந்தால் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது என்றார்.

இப்போதும் அந்தக் கரையில் பார்த்துப் பார்த்துத்தான் கால் வைக்கிறேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி யாரிடமும் சொல்வதில்லை.

அக்கா, நான் செத்துப்போச்சு என்று சொன்ன அந்தச் சாயங்காலம், மணலுக்கு அடியில் அவை உயிரோடு இருந்தன. நீயும் உயிரோடு இருந்தாய்.