நீர் போகும் வழிக்கு எத்தனை பெயர்

செப்டம்பர் 3

கடலூர் சிப்காட் அருகே ஒரு சேமிப்புக் கூடத்தின் பின்புறம் குழாய் புதைக்கும் பணி. மேற்பார்வையாளர், "ஒரு பள்ளம் எடுத்துவுடுங்கம்மா" என்றார். எவ்வகைப் பள்ளம் என்று வினவினேன்.

"பள்ளம்னா பள்ளந்தாம்மா. இதுல இன்னா வகை?"

வகை இருக்கிறது. நீரைக் கொண்டுவருவது வாய்க்கால். மிகுந்த நீரைக் கொண்டுபோவது வடிகால். ஒருவர் வயலுக்கென்று கிளைப்பது கொப்பு வாய்க்கால். ஏர் கிழிப்பது சால். தானே உண்டானது ஓடை. கோட்டையைச் சூழ்ந்து நிற்பது அகழி. பெயர் வேறானால் அகலம் வேறு, ஆழம் வேறு, கரையின் சரிவும் வேறு. குழாயைப் போட்டு மூடி மறந்துவிடப்போகும் இந்த நீள்குழிக்குத்தான் இன்னும் மனம் ஒப்பும் பெயர் கிடைக்கவில்லை.

பள்ளி என்னை எட்டாம் வகுப்போடு கைவிட்டது. சிதம்பரத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய அகராதி கைவிடவில்லை. மண்வாரி இயந்திரத்தையும் அவ்வாறே, எவர் முன்பும் கைகட்டி நிற்காமல் கற்றேன். ஊரார் அதை ஜேசிபி என்பர். நான் மண்வாரி என்றே எழுதுவேன்.

இயந்திரத்தின் பழுது பார்க்கும் பொறுப்பு என் கணவர் கண்ணாயிரத்துடையது. சாப்பிடும்போது கேட்டார்: "ஒனக்குக் கூலி குழி வெட்டவா, பேரு வெக்கவா?"

இரண்டிற்கும் என்றேன்.

செப்டம்பர் 8

காட்டுமன்னார்கோயிலுக்கு அருகில் கீழப்பரங்குடி. மாரியம்மன் கோயில் முன்பாக விவசாயிகள் கூடியிருந்தனர். இரண்டு ஆண்டுகளாக ஐப்பசி மழையில் தாழ்ந்த நிலத்துச் சம்பா முழுவதும் அழுகிப்போனது. இம்முறை தாங்களே ஒரு வடிகால் வெட்டுவதென்று முடிவு. இத்தகைய பணி எதுவும் இதுவரை என்னிடம் வந்ததில்லை. எல்லாம் செம்பியனுக்கே போகும். அவனிடம் இரண்டு இயந்திரங்கள் உண்டு, வாய் மூன்றாவது.

"அக்கா ஊட்டு வாசல்ல சாக்கடை எடுப்பாங்க, நீட்டா இருக்கும். இது ஊரு வேலை" என்றான். சிரித்தார்கள்.

பெரிய நிலக்காரர் பழனிவேல் மாமாவும் தலையசைத்தார். "பொம்பள ஓட்டி வரப்பு சரிஞ்சா யாரும்மா பதில் சொல்றது?"

அப்போது சின்னம்மாள் அக்கா எழுந்தார். கைம்பெண், குத்தகை நிலம், எல்லாவற்றிலும் தாழ்ந்த வயல் அவருடையது. "போன வருசம் ஆம்பள ஓட்டுன வண்டிதான மடைய ஒடச்சிது? அதுக்கு யாரு பதில் சொன்னீங்க? இந்தப் போகமும் போச்சின்னா நான் திருப்பூருக்கு பஸ் ஏறிடுவேன். வெட்டட்டும் அது."

பணி எனக்கு வந்தது. வடிகால் கிழக்கு எல்லையோடு நேராகப் போகவேண்டும், யாருடைய நிலமும் குறையக்கூடாது என்பது ஊர்க் கட்டளை. ஒப்புக்கொண்டேன்.

செப்டம்பர் 21

முடிந்தது. நூல் பிடித்தாற்போல் நேர். இருபுறமும் கரை சரிவாகப் படிந்திருக்கிறது. பழனிவேல் மாமா குனிந்து பார்த்து, "பரவால்லியே" என்றார். அவர் வாயிலிருந்து இது ஒரு பாராட்டுரைக்குச் சமம்.

அக்டோபர் 12

முதல் பெருமழை. விடிந்ததும் ஓடினேன்.

நீர் போகவில்லை. வடிகால் முழுக்க நிரம்பி, அசையாமல், வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அதோடு நிற்கவில்லை. மேலும் மழை பெய்யப் பெய்ய அந்த நீரே திரும்பி வந்து சின்னம்மாள் அக்காவின் இளம்பயிரை மூடிற்று. கிழக்கு எல்லை மேடு. எல்லைக்கல்லைப் பார்த்து வெட்டினேனேயன்றி நிலத்தைப் பார்க்கவில்லை.

செம்பியன் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தான். "அக்கா சூப்பரா அகழி வெட்டிக்கீறாங்க! கோட்டை எப்ப கட்டப்போறாங்க?"

சின்னம்மாள் அக்கா என்னைத் திட்டவேயில்லை. இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு, "வுடு" என்றார். அவ்வளவுதான்.

திட்டியிருக்கலாம். ஏன் திட்டல? எத்தினி பேரு தெரிஞ்சி என்ன, தண்ணி எங்க போவும்னு தெரியலையே எனக்கு. சோறு எறங்கல. இவரு பக்கத்துல வந்து ஒக்காந்தாரு —

அக்டோபர் 13

அழுவதற்கு ஒரு நாள் போதும்.

இளம்பயிர் நீருக்கடியில் நெடுநாள் உயிர் தாங்காது. எவரையும் கேட்கப்போவதில்லை, நீரையே கேட்கப்போகிறேன்.

அக்டோபர் 14

காட்டுமன்னார்கோயில் அரிசி ஆலையில் ஒரு மூட்டை உமி வாங்கிச் சென்றேன். முதலில் காற்று விழும்வரை வரப்பில் அமர்ந்திருந்தேன்; காற்று தள்ளுவதும் நீர் இழுப்பதும் வேறு வேறு. பிறகு வயலின் நடுவே இறங்கி உமியைத் தூவினேன்.

"பயிருக்கு வாக்கரிசி போடுறா" என்று யாரோ கரையிலிருந்து சொன்னார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

உமி வெகுநேரம் சும்மா மிதந்தது. பின் மெல்ல, மிக மெல்ல, தென்மேற்கே நகர்ந்தது. பின்னாலேயே நடந்தேன். பழனிவேல் மாமாவின் வரப்போரம் அது கூட்டம் கூட்டமாகத் தங்கிச் சுழன்றது. தடவிப் பார்த்தேன்; நண்டு வளைகள். ஒவ்வொரு வளையும் நீரை உறிஞ்சி வரப்புக்கு அப்பால் கசியவிட்டுக்கொண்டிருந்தது. அப்பால் அவர் நிலம். அதைத் தாண்டினால் பழைய ஓடை.

மாமாவை அழைத்துவந்து காட்டினேன்.

"இதுங்களோடதான் எனக்கு ரோதனை. வருசா வருசம் களிமண்ணு வெச்சி அடைச்சி அடைச்சி கை தேஞ்சிபோச்சி" என்றார்.

"மாமா, நீங்க அடைச்சது நண்டு வளைய இல்ல. இந்த ஊரு தண்ணிக்கு இருக்கிற ஒரே வழிய."

"அதுக்கு? என் நெலத்த ரெண்டா பொளக்கணும்ங்கிற!"

"ஆமா மாமா. ஒங்க பயிரும்தான் முழுகிக் கெடக்குது."

அவர் என் மூட்டையிலிருந்து தாமே ஒரு கை உமி அள்ளி, நான் நின்ற இடத்திலிருந்து வெகு தள்ளிப்போய்த் தூவினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். உமி அவர் காலை உரசிக்கொண்டு அதே வரப்புக்குப் போனது.

"ஏம்மா சௌந்தரம்" — முதன்முறையாக என் பெயரைச் சொன்னார். "இந்த ஒரு போகத்துக்குத்தான். தை மாசம் அறுப்பு முடிஞ்சதும் நீயே வந்து மூடிக் குடுக்கணும். வாக்கு."

வாக்களித்தேன்.

அக்டோபர் 16

செம்பியன் நேற்றே எச்சரித்தான். இம்முறை அதில் கேலியில்லை. "அந்தச் சேத்துல எறக்காதக்கா. வண்டி பொதைஞ்சா அப்பறம் கிரேன் வெச்சாகூட வராது."

அவன் சொன்னது உண்மையே. எனவே வயலில் தொடங்கவில்லை. சுற்றிச் சென்று பழைய ஓடையின் முனையில் தொடங்கினேன். அங்கே நிலம் கெட்டி. ஓடையிலிருந்து பின்னோக்கி வெட்டிக்கொண்டு வந்தால் வெட்டிய இடத்து நீர் அப்போதைக்கப்போதே வடிந்து, அடுத்து நான் நிற்கவேண்டிய தரை இறுகிவிடும். சக்கரத்தின் கீழ் கண்ணாயிரம் பனைமரத் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டார். ஓரிடத்தில் பின்சக்கரம் அமிழ்ந்து இயந்திரம் ஒருக்களித்தது. வாளியைத் தரையில் ஊன்றி, அதன் பலத்திலேயே இயந்திரத்தைத் தூக்கி நிமிர்த்தினேன். எவரும் கற்பித்ததன்று!

மாலை சாயுமுன் நண்டு வளை வரப்பை அடைந்தேன். கரை முழுக்க ஊர். அந்த வரப்பை வெட்டும் உரிமை பழனிவேல் மாமாவுடையது என்று இயந்திரத்தை நிறுத்தினேன். அவர் மண்வெட்டியை எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கீழே வைத்தார்.

"நீயே வெட்டு."

வெட்டினேன். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு இரைச்சல்! நுரையும் உமியும் சருகுமாக நீர் என் வழியே புரண்டு போனது. சின்னம்மாள் அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையோடு கூடவே ஓடினார்: "போ, போ, போய்த் தொலை, போ!"

செம்பியன் என்னிடம் வந்தான். "அந்த வாளிய ஊனித் தூக்குன பாரு, அத இன்னொரு தபா காட்டுக்கா."

நாளை வரச்சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 20

பயிர் நுனி தெரிகிறது. பச்சை.

நவம்பர் 28

அடைமழை. சின்னம்மாள் அக்கா கைப்பேசியில் கூவினார்: "கேளு, இந்தச் சத்தத்தக் கேளு!" பேசியைக் கரையோரம் பிடித்தார்போலும். அந்த இரைச்சலைக் கேட்டவாறே தேநீர் அருந்தினேன். அரசிக்கும் இத்தகைய இசை வாய்த்திராது.

ஜனவரி 11

பெண்ணாடம் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தில் நீர் தேங்கி நிற்கிறதாம். அவர்கள் முதலில் அழைத்தது செம்பியனை. அவன் என் எண்ணைக் கொடுத்திருக்கிறான். பொங்கலுக்குப் பிறகே இயலும் என்று தெரிவித்துவிட்டேன்.

ஜனவரி 30

கீழப்பரங்குடியில் அறுவடை முடிந்தது. சின்னம்மாள் அக்கா குத்தகையை மேலும் மூன்றாண்டுக்கு எழுதிக்கொண்டார். திருப்பூர்ப் பேச்சு இல்லை.

வாக்கு வாக்குதான். என் வாழ்நாளின் சிறந்த வேலையை என் கையாலேயே மூடுவதற்கு இன்று காலை மண்வாரியை ஓட்டிக்கொண்டு போனேன்.

வெட்டிய வழியில், வண்டி கடக்கும் இடத்தில், நீர் அடியில் போகப் புத்தம்புதிய சிமெண்டுக் குழாய்கள் இறக்கி, மேலே மண் கொட்டி இறுக்கியிருந்தது. இருகரையிலும் வெட்டிவேர் நட்டு நீர் தெளித்திருந்தார்கள். பழனிவேல் மாமா குடத்தோடு நின்றார்.

"மாமா, மூட வந்திருக்கேன்."

"எத?"

"நீங்க வாக்கு வாங்குனீங்களே."

"அது அப்ப." குடத்தை இறக்கி வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "வந்ததே வந்த, இத மேக்கால எங்க பங்காளி நெலம் வரைக்கும் இஸ்துவுட்டுப் போ. அவனும் ரெண்டு வருசமா முழுவிக்கினு கெடக்கிறான். ஆனா ஒண்ணு, நான் சொன்னேன்னு நேரா வெட்டிடாத. மொதல்ல உமி போட்டுப் பாரு."

வண்டியில் உமி இருந்தது.